அவஸ்தை கேட்டவர்

இந்த வயதில் நாங்கள் நாலு பேர் ஒன்றுகூடினால், கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் மூத்திரத்தில்தான் வந்து நிற்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் விறாந்தையில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான். ஒருவர் தன்னுடைய டொக்டரைத் திட்டினார். இன்னொருவர் தனக்கு எழுதிக் கொடுத்த குளிசையைத் திட்டினார். மூன்றாமவர் மருமகள் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்ட பிளாஸ்டிக் வாளியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டீர்கள். வெட்கம் ஒன்றுமில்லை, எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவருடைய கதையும் மூத்திரத்தில் தொடங்கியதுதான், ஆனால் அது ஆத்துமத்தில் போய் முடிந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் குறுக்கே கதைத்துக் குழப்பியிருப்பீர்கள். ஆகையால் எழுதித் தருகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள்.

இலத்தீனில் நடந்த பூசை தமிழுக்கு மாறிய புதிது அது. அதுவரை எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்ற சுவாமியார் திரும்பி முகம் காட்டத் தொடங்கிய காலம். எனக்குப் பத்து வயதிருக்கும். தம்பி பிறந்து அம்மா படுக்கையில் இருந்தார். பச்சைப் பிள்ளை நித்திரை கொள்ள என் வாய் விடாது என்று சொல்லி என்னைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய தூரமில்லை. மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் றோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் மணல் ஒழுங்கையில் எங்கள் வீடு மேல் நுனி, பெரியப்பா வீடு கடல் நுனி. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்கள். சோற்றுக் கோப்பையை மூடி வைத்தாலும் பல்லில் மணல் கடிபடும். கருவாடு காயும் மணம் தலைமயிருக்குள் ஏறியிருக்கும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். சம்மாட்டி. அதாவது, வலையும் தோணியும் அவருடையவை. அவற்றில் தொழிலுக்குப் போகிறவர்கள் அவருடைய ஆட்கள். கரையில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால் தோணியில் நிற்பவனுக்குக் கேட்கும். கலியாணம் கட்டவில்லை. அப்பாவின் தங்கை, என் மாமி, இளம் வயதிலேயே புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர். அவர்தான் பெரியப்பாவின் வீட்டைப் பார்த்தார். மாமிக்குக் கோயில், செபமாலை, அண்ணன் என்று மூன்றே உலகம். இந்த மூன்றில் கடைசி உலகம் முதல் இரண்டோடும் கோபம். அதுதான் மாமியின் பெரிய கவலை.

கோபத்துக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். திருநாளன்று புனிதரின் சுருவச் சிலையைக் கூட்டில் வைத்துத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றுவோம் அல்லவா, அந்தக் கூட்டின் முன் வலது கொம்பு பெரியப்பாவுடைய இடம். அதற்கு முன் அவருடைய தகப்பனாருடைய இடம். ஒரு வருஷம் முந்திய சுவாமியார் ஒருவர், தோள் உயரம் சரியில்லை, கூடு சரிகிறது என்று சொல்லிப் பெரியப்பாவைப் பின்னுக்கு அனுப்பிவிட்டார். பெரியப்பா தோளில் போட்டிருந்த துண்டை மடித்துக் கூட்டின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்தான். அதன்பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. சுவாமியார்கள் இரண்டு பேர் மாறிப்போனார்கள், கோபம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி பூசைக்குப் போக அவர் தோணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துவார். கோயில் மணி அடித்தால் வேண்டுமென்றே இருமுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் கரையில் நின்றபடியே விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் வலது காலும் செத்துப்போயின. தோணிக்குக் கேட்கும் அந்தக் குரலும் போய்விட்டது. நான் அங்கே போனபோது அவரிடம் மூன்று சொற்கள்தான் மிச்சமிருந்தன. தண்ணி, வேண்டாம், எடி. 'எடி' என்றால் மாமி, அல்லது நான், அல்லது வீட்டுக்குள் வரும் கோழி. யாரைக் கூப்பிடுகிறார் என்று நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன் அறையில் யன்னலோரமாகச் சாக்குக் கட்டில். இப்போது அந்தக் கட்டில்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கால்களைப் பெருக்கல் அடையாளம் போல மடித்துச் சுவரில் சாத்தலாம், நடுவே கிடப்பவரின் பாரத்துக்குச் சாக்கு குழிந்துவிடும். அந்தக் குழியில் பெரியப்பா கிடந்தார். மாமி அவரைப் பார்த்த விதத்தை நான் குறை சொல்ல முடியாது. காலையில் வெந்நீரில் துடைப்பார். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி கொடுத்த எண்ணெயைச் செத்த கையில் தேய்த்து நீவுவார். கஞ்சியைக் கரண்டியால் இடது கடைவாய்ப் பக்கம் ஊட்டுவார், வலது பக்கம் ஊட்டினால் வழிந்துவிடும். ஓடிக்கொலோன் நனைத்த துணி நெற்றியில் எப்போதும் கிடக்கும். அந்த மணத்தை இன்றைக்கு யாராவது பூசிக்கொண்டு வந்தாலும் எனக்கு நோயாளி வந்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

என் வேலை மொய்க்கும் இலையான்களை விரட்டுவதும், அவர் இடுப்பில் கட்டும் சாரங்கள் ஈரமானதும் கிணற்றடிக்குக் கொண்டுபோவதும். சாரம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். மாற்றிக் கட்டிக் கைகழுவி வருவதற்குள் திரும்ப நனைந்திருக்கும். கிணற்றடியில் இருந்து பெரியப்பாவின் முற்றம் முழுக்கச் சாரங்கள் காற்றில் அடித்துக்கொண்டு நிற்கும். விசாரிக்க வருகிறவர்களிடம் மாமி ஒரு திருப்தியோடு சொல்வார், "சாப்பாடுதான் குறைவு. நீர் நல்லாப் போகுது." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் சாரங்களை எண்ணெய்ச் சட்டி கழுவுவது போல முகத்தைச் சுழித்துக்கொண்டு அலசினேன்.

மாமியின் மனம் சாரத்தில் இல்லை. அண்ணன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், நற்கருணை நன்மை வாங்காமல் செத்துப்போய்விடுவாரோ என்பதுதான் அவரைத் தின்றது. செபமாலையை அவருடைய இடது கையில் வைப்பார். அது விழும். எடுத்து வைப்பார். மறுபடியும் விழும்.

"அண்ணை, சுவாமியாரை ஒருக்கால் வரச் சொல்லட்டோ?"

"வேண்டாம்."

"பழைய சுவாமியார் இல்லை. இவர் புதியவர். நல்லவர்."

"வேண்டாம்."

இது நாள்தோறும் நடக்கும். இருந்த மூன்று சொல்லில் ஒன்று இதற்கென்றே மிஞ்சியிருக்கிறது என்று மாமி குசினிக்குள் வந்து அடுப்படியில் நின்று அழுவார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நான் நிற்க வேண்டும். உங்களுக்குத் தெரியும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது நோயில் பூசுதல் என்கிறோமே, சுவாமியார் நோயாளிக்கு எண்ணெய் பூசும் திருவருட்சாதனம், அது அந்தக் காலத்தில் அவஸ்தைப்பூசுதல். சுருக்கமாக அவஸ்தை. சாகும் தறுவாயில்தான் கொடுப்பார்கள். "அவஸ்தை குடுத்தாச்சோ?" என்று கேட்டால் ஆள் இன்றோ நாளையோ என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலையே இருக்கவில்லை. பல்வலி வந்தால் நோகுது என்போம், பெரிய வேதனை என்றால் உத்தரிக்கிறன் என்போம். ஒருவரும் தன் வாயால் அவஸ்தை என்று சும்மா சொல்லமாட்டார். சொன்னால் வாயில் அடி விழும்.

ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து நான் பனையோலை விசிறியோடு தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது, பெரியப்பா முனகினார். முகம் வியர்த்திருந்தது. உதடு கோணிக் கோணி எதையோ தேடியது.

"அ... வ... ஸ்தை."

விசிறி என் கையிலிருந்து விழுந்தது. மாமி குசினியிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன அண்ணை? என்ன கேட்டனீங்கள்?"

"அவஸ்தை. எடி... அவஸ்தை."

மாமியின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் சாகப்போகிறார் என்று நினைத்த முகமல்ல அது. தொலைந்த பிள்ளை படலையைத் திறந்துகொண்டு வந்தால் ஒரு தாய்க்கு வருமே, அந்த முகம். அவருடைய காலைக் கட்டிக்கொண்டு மாமி அழுதார். பிறகு எழும்பி, "ஓடு பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு, பெரியப்பா அவஸ்தை கேட்கிறார் எண்டு. தன்ரை வாயாலை கேட்கிறார் எண்டு சொல்லு" என்று என்னை அப்பாவிடம் விரட்டினார்.

சுவாமியார் வந்தார். முன்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டு வர, அந்தச் சத்தத்துக்கு ஒழுங்கையில் நின்றவர்கள் எல்லோரும் மணலில் முழங்காலிட்டார்கள். கழுதைகள் மட்டும் நின்றபடி பார்த்தன. மேசையில் வெள்ளைத் துணி, மெழுகுதிரி, தீர்த்தம். சுவாமியார் இளந்தாரி. கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று எண்ணெய் பூசினார். பெரியப்பா இடது கையால் அவரைத் தள்ளினார். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகும் பெரியப்பா, "அவஸ்தை, அவஸ்தை" என்றார்.

"தந்தாச்சு அண்ணை. தந்தாச்சு. இனி ஒரு பயமும் இல்லை" என்று மாமி அவருடைய தலையைத் தடவினார்.



அவஸ்தை கொடுத்த செய்தி பரவியதும் சொந்தக்காரர் வந்து இறங்கினார்கள். முள்ளிக்குளத்திலிருந்து ஒரு குடும்பம், இலுப்பைக்கடவையிலிருந்து ஒரு சிற்றப்பா முறையானவர். கறுப்புச் சேலைகளை மடித்துப் பையில் கொண்டு வந்திருந்தார்கள். மாமியின் கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பெட்டி செய்கிறவர் மரம் பார்க்கும் சாக்கில் வந்து, பெரியப்பாவைக் கண்ணாலேயே அளந்துகொண்டு போனார். இலுப்பைக்கடவைச் சிற்றப்பா அடிக்கடி பெரியப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார். மூச்சு வருகிறது என்று தெரிந்ததும் ஒரு தேத்தண்ணி கேட்பார்.

மரிக்கிறவருக்கான செபத்தை எல்லோருமாகச் சுற்றியிருந்து சொன்னோம். பெரியப்பா முனகினார். முனகல் கூடியது. நாங்கள் செபத்தின் சத்தத்தைக் கூட்டினோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை அங்குமிங்கும் புரட்டினார். ஆத்துமம் பிரியக் கஷ்டப்படுகிறது என்று ஒரு பெரியவர் சொன்னார். பழைய கோபம்தான் பிடித்து வைத்திருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். கஞ்சி ஊட்டுவதை நிறுத்திவிட்டார்கள், நாக்கை மட்டும் தண்ணீரால் நனைத்தார்கள். அன்பில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அவருக்கு நல்லதைத்தான் செய்கிறோம் என்று நம்பினார்கள். நான் சாரம் அலசினேன். அது நனைவது மட்டும் நிற்கவில்லை.

இப்படிக் காத்திருந்த ஒரு நாள் பின்னேரம்தான் நானா வந்தார். எருக்கலம்பிட்டிக்காரர், கருவாட்டு வியாபாரி; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். பெரியப்பாவின் கருவாடு முழுவதும் அவருடைய லொறியில்தான் போகும். எங்கள் திருநாள் சாப்பாட்டுக்கு அவர் வருவார், பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்குச் சகன், ஒரு பெரிய தட்டு நிறையச் சோறு, வரும். மூன்று நான்கு கிழமை ஊரில் இல்லாமல் அன்றுதான் திரும்பியிருந்தார். படலையடியில் சனத்தைக் கண்டதும் அப்பாவிடம் கேட்டார்.

"என்ன தம்பி, சம்மாட்டியாருக்கு எப்பிடி?"

"அவஸ்தை கேட்டவர் நானா. குடுத்தாச்சு."

நானா படலையைப் பிடித்தபடி நின்றார். "என்ன கேட்டவர்?"

"அவஸ்தை."

"அவஸ்தையை ஆராவது கேப்பினமோ தம்பி? தீக்கச் சொல்லியெல்லோ கேப்பினம். நீங்க என்னத்தைக் குடுத்தீங்க?"

"சுவாமியார் வந்து எண்ணெய் பூசினவர்."

"எண்ணெய் பூசி நோ குறைஞ்சுதோ?"

இவ்வளவு காலம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அந்தச் சொல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நானாவின் காதுக்குப் போயிருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த அவஸ்தை கடைத்தெருவிலும் லொறியிலும் எல்லாருக்கும் தெரிந்த அவஸ்தை. பெரியப்பா தன் வாழ்நாளில் பாதியை அந்த மனுஷனோடுதான் கதைத்துக் கழித்திருந்தார் என்பது எங்கள் ஒருவருக்கும் அதுவரை உறைக்கவில்லை.

நானா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, சந்தையில் விலை கேட்கிற குரலில் கேட்டார், "சம்மாட்டியார், நான் வந்திருக்கன். எங்க அவஸ்தை?"

பெரியப்பா கண்ணைத் திறந்தார். இடது கை மெல்ல மெல்ல நகர்ந்து அடிவயிற்றுக்குப் போய் அங்கே நின்றது.

நானா சாரத்துக்கு மேலால் கையை வைத்துப் பார்த்தார். "யா அல்லாஹ், இது கல்லு மாதிரியெல்லோ கிடக்கு. நீர் கட்டியிருக்கு."

"இல்லை நானா, நீர் போகுது. சாரம் நனைஞ்சபடிதான்" என்றார் மாமி.

"நிரம்பி வழியுது தங்கச்சி. போகேல்லை."

மாமி வந்து குனிந்து தானும் கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

எண்ணெய் பூசின ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழக்கம் எங்கேயும் இல்லை என்று இலுப்பைக்கடவைச் சிற்றப்பா சொன்னார். வழியில் ஏதும் நடந்தால் நல்ல மரணம் கெட்டுவிடும் என்று இன்னொருவர் சொன்னார். அப்பா கட்டிலின் ஒரு நுனியைப் பிடித்தார், நானா மறு நுனியைப் பிடித்தார். கருவாட்டு லொறியின் பின் தட்டில் கட்டிலோடு ஏற்றினார்கள். தலையணை பிடிக்க என்று சொல்லி நானும் தொற்றிக்கொண்டேன். மன்னார் டவுனுக்குள் நுழையும்போது கழுதைகள் றோட்டை மறித்துக்கொண்டு நின்றன. நானா இறங்கி அவற்றைப் பெயர் சொல்லித் திட்டினார். கழுதைகளுக்குப் பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு யோசித்தால் அவை அவருடைய கடன்காரரின் பெயர்களாக இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் என்னைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். ரப்பர் குழாய் ஒன்றைப் போட்டார்கள். போத்தல் நிரம்பி, பிறகு வாளி வைத்தார்கள் என்று அப்பா பிறகு சொன்னார். நான் கேட்டது ஒரு நீண்ட மூச்சு மட்டும்தான். கரையில் வலை வந்து சேர்ந்ததும் ஆட்கள் இடுப்பை நிமிர்த்தி விடுவார்களே, அப்படி ஒரு மூச்சு. திரையை விலக்கியபோது பெரியப்பாவின் முகத்தில் கோணல் மட்டும் இருந்தது, வேதனை இல்லை. என்னைப் பார்த்து, "எடி" என்றார். இம்முறை அது நான்தான்.

குழாயோடும் போத்தலோடும் அவர் வீட்டுக்கு வந்தார். சொந்தக்காரர் கறுப்புச் சேலைகளைத் திரும்பவும் மடித்துக்கொண்டு போனார்கள். ஒன்றிரண்டு பேருக்கு முகம் நன்றாக இல்லை. அவஸ்தை வாங்கின மனுஷன் மீன்சொதி குடிக்கிறார் என்று ஊரில் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் மாமி ஒருவர்தான். நானா கிழமைக்கொரு தடவை வருவார், கட்டிலில் விரிக்க ஒரு ரப்பர் விரிப்புக்கூட வாங்கி வந்தார். மாமி அவருக்கு முன்னால் வரவே மாட்டார். தேத்தண்ணியை என் கையில் கொடுத்து அனுப்புவார். அண்ணனைக் காப்பாற்றின மனுஷனுக்கு ஒரு நன்றி சொல்லத் தெரியாதவள் என்று அம்மா சொன்னார். மாமிக்கு வெட்கம் என்று அப்பா சொன்னார். நான் மாமியைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்தேன். எங்கள் மூன்று பேருக்கும் விளங்கவில்லை. அண்ணனுக்குக் கோயிலோடு இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று நம்பி மாமி சில நாள் வாழ்ந்தார் அல்லவா, அந்த நாட்களை நானா ஒரே கேள்வியில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெரியப்பா கேட்டது கடவுளை அல்ல, ஒரு வாளியை. உண்மை அதுதான், நானாவில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க மாமியால் முடியவில்லை. இன்றைக்கு எனக்கு மாமியை நினைத்தால்தான் மனம் கனக்கிறது.

இளம் சுவாமியார் விசாரிக்க வந்தார். இப்போது இதன் பெயர் நோயில் பூசுதல், சாவுக்கு மட்டுமில்லை, எத்தனை தரமும் பூசலாம், தேவையென்றால் சொல்லுங்கோ என்றார்.

"கேட்காத ஆளுக்கு ஒருக்கால் குடுத்தது போதும் சுவாமி" என்றார் மாமி. "அவர் வேண்டாம் எண்டவர். கையைப் பிடிச்சுக் குடுத்தது நாங்கள். இனி அவராக் கேட்கட்டும்."

கேள் என்று அண்ணனை மாமி அதன்பிறகு ஒருநாளும் கெஞ்சவில்லை. செபமாலையையும் அவர் கையில் வைக்கவில்லை. தான் மட்டும் குசினிக்குள் இருந்து சொன்னார்.

அதற்குப் பதிலாக மாமிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பெரியப்பா ஒரு சின்னச் சத்தம் போட்டாலும் கட்டிலடியில் முழங்காலிட்டு, பாதத்திலிருந்து தொடங்குவார். "இஞ்சையோ அண்ணை? இஞ்சையோ? முழங்காலோ? முதுகோ?" தொட்டுத் தொட்டுக் கேட்பார். பெரியப்பா இல்லையென்றால் தலையை ஆட்டுவார், அந்த இடம் வந்தால் கண்ணை மூடித் திறப்பார். முதுகில் சிவந்து வந்த ஒரு புண்ணை மாமி இப்படித்தான் பெரிதாகுமுன் கண்டுபிடித்தார். குழாய் அடைத்ததையும் இப்படித்தான். சிலவேளை பெரியப்பா வேண்டுமென்றே மாமியைக் கால் நுனியிலிருந்து தலைவரை கொண்டுபோய்விட்டுக் கடைசியில் "தண்ணி" என்பார். மாமி முறைப்பார். அந்த வீட்டில் அப்போது கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

கச்சான் ஓய்ந்து வாடைக்காற்று தொடங்கியது. பள்ளிக்கூடம் திறந்தும் நான் பின்னேரங்களில் அங்கேதான். பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, குழாய் வழியாகக் கிருமி என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்திருங்கோ என்று அனுப்பினார்கள். இம்முறை உண்மையாகவே முடிவு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"சுவாமியாரைக் கூப்பிடுவம்" என்றார் அப்பா.

"அவர் கேட்கேல்லை."

"உன்ரை பிடிவாதத்திலை அண்ணையை இப்பிடியே சாகவிடப் போறியோ?"

"பிடிவாதம் அவற்றை. நான் அதை மதிக்கிறன்" என்றார் மாமி. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அப்படி மதிப்பதற்கு அவருக்கு எவ்வளவு செலவானது என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் நம்பிய நரகம் வெறும் கதையல்ல, அண்ணன் போய்ச் சேரக்கூடிய ஒரு இடம்.

அடுத்த நாள் பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. அறையில் மாமியும் நானும் மட்டும். பெரியப்பாவின் உதடு அசைந்தது. மிக மெல்லிய குரல்.

"அவஸ்தை."

மாமி என்னைப் பார்த்தார். முழங்காலிட்டுப் பாதத்தில் கை வைத்தார். "இஞ்சையோ அண்ணை?" தலை ஆடியது. முழங்கால், தொடை. இல்லை. அடிவயிறு. மாமி அழுத்திப் பார்த்தார், மெத்தென்று இருந்தது. போத்தலைத் தூக்கிப் பார்த்தார், நீர் வந்துகொண்டிருந்தது. முதுகு. நெஞ்சு. தோள். இல்லை, இல்லை.

"அவஸ்தை" என்றார் மறுபடியும். இடது கை எழும்பி, நடுங்கிக்கொண்டு வந்து, நெற்றியில் தங்கியது.

"தலையிடியோ அண்ணை?"

தலை ஆடியது.

அவர் தலையை ஆட்டினாரா, பலவீனத்தில் தலை தானாக ஆடியதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது. நெற்றிக்கு வந்த கை சிலுவை அடையாளம் போட வந்ததா, வேர்வை துடைக்க வந்ததா என்பதும் தெரியாது. மாமிக்குத் தெரிந்தது. எழும்பி நின்றார், வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீர் வழிய வழியச் சிரிப்பு.

"ஓடு பிள்ளை" என்றார்.

சுவாமியார் அன்றைக்கு இன்னொரு ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா மழைக்குள் சைக்கிளை மிதித்தார். நான் திரும்பி வந்தபோது மாமி பெரியப்பாவின் நெற்றியில் இருந்த கையை எடுக்காமல், அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டிருந்தார். செபத்தைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவருடைய காதுக்கு மட்டும் சொன்னார். பெரியப்பா முனகவில்லை. மூச்சு நீண்டு, இடைவெளி விட்டு, பிறகு வரவில்லை.

சுவாமியார் வெள்ளை அங்கியெல்லாம் சேற்றோடு வந்து சேர்ந்தபோது கைகால் குளிரத் தொடங்கியிருந்தது. கட்டிலைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். முந்திய தடவை நடந்தது அவருக்கும் மறந்திருக்காது.

"பிந்திப்போனன் அம்மா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "இந்த முறை... அவர் கேட்டது இதைத்தான் எண்டு உங்களுக்கு நிச்சயமோ?" என்று கேட்டார்.

"எல்லா இடமும் தொட்டுக் கேட்டிட்டன் சுவாமி" என்றார் மாமி. "உடம்பிலை ஒரு இடமும் மிச்சமில்லை."

சுவாமியார் எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார்.